மேட்டா, கிளாம்ப்பா, வேறு எதுவுமா? டர்ன்டேபிளில் அறிகுறி பார்த்துக் காரணம் பிடிப்பது

இசைத்தட்டுக்கு அடியில் இடும் விரிப்பான மேட் ஒன்றைப் புதிதாக, டர்ன்டேபிளின் சுழலும் தளமான பிளாட்டரில் விரித்த அன்றோ, இசைத்தட்டின் நடுவில் அதைப் பிடித்து வைக்கும் கிளாம்ப் ஒன்றை வைத்த அன்றோதான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன. நேற்றுவரை நன்றாகப் பாடிய இசைத்தட்டு இன்று சீறுகிறது, அல்லது மந்தமாக ஒலிக்கிறது, அல்லது ஓரம் தூக்கிக்கொண்டு ஆடுகிறது. உடனே ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைச் சந்தேகிக்கிறோம், ஆம்ப்ளிஃபையரைச் சந்தேகிக்கிறோம். மேட் மாற்றினால் முதலில் மாறுவது ஒலியின் குணமன்று, உயரம். கிளாம்ப் வைத்தால் முதலில் மாறுவது தட்டு மேட்டில் உட்காரும் விதம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படித்தால் பாதிக் கோளாறுகளுக்குக் கருவி எதையும் திறக்க வேண்டியிருக்காது.

தொடங்கும் முன் ஒரு வேலை. கிளாம்ப்பை எடுத்துவிட்டு, டர்ன்டேபிளோடு வந்த பழைய மேட்டைப் போட்டு, நன்கு பழகிய, தட்டையான ஒரு தட்டைக் கேளுங்கள். கோளாறு அப்போதும் இருந்தால் மேட்டுக்கும் கிளாம்ப்புக்கும் அதில் பங்கில்லை. போய்விட்டால், புது மேட்டை மட்டும் போட்டுக் கேளுங்கள், அப்புறம் கிளாம்ப்பை மட்டும் வைத்துக் கேளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று சொல்லவே முடியாது. கையில் ஒரு எஃகு அளவுகோல், ஊசித் தராசு (ஊசி தட்டை அழுத்தும் எடையை அளப்பது), டார்ச், கோடு போட்ட ஒரு வெள்ளை அட்டை இருந்தால் போதும். ஊசியையும் கார்ட்ரிட்ஜையும் சுமக்கும் கையான ஆர்மைத் தொடும் எந்த வேலைக்கும் முன்னால் ஒலியைக் குறைத்துவிடுங்கள்.

லீவரை இறக்கியும் ஊசி தடத்தில் நிற்காமல் சறுக்குகிறது

தடித்த மேட்டை எடுத்துவிட்டு மெல்லியதைப் போட்டவர்களுக்கு வருவது இது. இசைத்தட்டு சில மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டது. ஆனால் லீவரால் ஏறி இறங்கி ஆர்மைத் தாங்கும் லிஃப்ட் அதே உயரத்தில்தான் இருக்கிறது. லீவரை முழுதாக இறக்கிய பிறகும் ஆர்ம் குழாய் லிஃப்ட் மேலேயே லேசாக உட்கார்ந்திருக்கும். ஊசி தடத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும், ஸ்கேட்டிங் விசை (சுழலும் தட்டு ஆர்மை மையம் நோக்கி இழுக்கும் விசை) அதைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும்.

தட்டு நின்றிருக்கும்போது ஊசியை அதன் மேல் இறக்கிவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஆர்ம் குழாய்க்கும் லிஃப்ட் பட்டைக்கும் நடுவில் ஓரிரு மில்லிமீட்டராவது வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் லிஃப்டின் உயரத் திருகைச் சற்று இறக்குங்கள். பல ஆர்ம்களில் லிஃப்ட் மேலேயே ஒரு சிறு திருகு இருக்கும். தடித்த மேட் போட்டவர்களுக்கு இதன் மறுபக்கம் நேரும்: லீவரைத் தூக்கினாலும் ஊசி தட்டைவிட்டு எழும்பாது. அவர்கள் அதே திருகை ஏற்ற வேண்டும். இதைக் கவனிக்காமல் ஆர்மைக் கையால் பக்கவாட்டில் நகர்த்தினால் தட்டும் கெடும், ஊசியும் கெடும்.

‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் சீறுகின்றன, அல்லது எல்லாமே போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கிறது

“இந்த மேட் ஒலியை மந்தமாக்குகிறது”, “அந்த மேட் கூர்மையாக்குகிறது” என்று சொல்லப்படுவதில் ஒரு நல்ல பங்கு, மேட் எதனால் ஆனது என்பதைவிட அதன் தடிமனால் வருவது என்பது என் உறுதியான எண்ணம். எனக்கே அப்படி ஒன்று நேர்ந்தது. நன்றாக இருந்த ஒரு கார்ட்ரிட்ஜ், புதிதாக வாங்கிய தடித்த மேட்டின் மேல் பல நாள்கள் மங்கலாகப் பாடியது. கார்ட்ரிட்ஜ் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, மாற்றுவதற்குப் பணம்கூட எடுத்து வைத்துவிட்டேன். கடைசியில் ஆர்மின் அடிப்பகுதியை மேட்டின் தடிமன் அளவுக்கு உயர்த்தியதும் பழைய குரல் திரும்பி வந்தது.

கணக்கு எளிது. ஒன்பது அங்குல ஆர்ம் என்று சொல்லப்படுவதில் சுழலும் புள்ளியிலிருந்து ஊசி முனைவரை சுமார் 230 மில்லிமீட்டர். தட்டின் மேற்பரப்பு 4 மில்லிமீட்டர் உயர்ந்தால் ஊசி நிற்கும் கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி மாறும். மெல்லிய, கூர்மையாகத் தீட்டிய ஊசிகளுக்கு ஒரு டிகிரி காதில் படக்கூடிய மாற்றம். கூம்பு வடிவ ஊசிகள் அதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். மேட் தடித்து, ஆர்மின் பின்பக்கம் தாழ்ந்து நின்றால் பொதுவாக மேல் ஸ்தாயி மங்கி, கீழ் ஸ்தாயி பருமனாகக் கேட்கும். மேட் மெலிந்து பின்பக்கம் உயர்ந்தால் சீறலும் கூர்மையும் கூடும்.

சரி செய்யும் முறை: கோடு போட்ட அட்டையைத் தட்டின் மேல் நிறுத்தி, ஆர்ம் குழாய் அந்தக் கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று கண் மட்டத்தில் குனிந்து பாருங்கள். குழாய் கூம்பிப்போகும் வடிவமாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் மேற்பரப்பைக் கோட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு ஆர்மின் அடிப்பகுதியை ஏற்றவோ இறக்கவோ செய்யுங்கள். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வரிசையில் இதற்கென்று ஆர்மைச் சுற்றி ஒரு வளையமே இருக்கிறது. ரேகா ஆர்ம்களில் அடியில் ஸ்பேசர் (இடைத்தகடு) வைக்க வேண்டும். உயரத்தை மாற்றவே வழியில்லாத டர்ன்டேபிள்களும் நிறைய உண்டு. அவற்றை வைத்திருப்பவர்கள் பழைய மேட்டின் தடிமனை அளந்து, கிட்டத்தட்ட அதே தடிமனில் புதியதை வாங்குவதுதான் நல்லது. என்ன பொருளால் ஆனது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

உயரத்தைச் சரிசெய்ததும் ஊசி அழுத்தத்தை மறுபடி அளந்துவிடுங்கள். அளக்கும்போது தராசின் தட்டு இசைத்தட்டின் உயரத்திலேயே இருக்க வேண்டும். பல ஆர்ம்களில் உயரம் மாறினால் அழுத்தமும் சற்று மாறும். மேட்டின் மேல் ஒரு தடித்த தராசை வைத்து அளந்தால் கிடைப்பது வேறொரு உயரத்தின் எண்.

இன்னொன்று. 140 கிராம் தட்டுக்கும் 180 கிராம் தட்டுக்கும் உள்ள தடிமன் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவு. அதற்காக ஒவ்வொரு தட்டுக்கும் ஆர்மை ஏற்றி இறக்க வேண்டிய தேவை எனக்குத் தெரிந்தவரை இல்லை.

கிளாம்ப் வைத்ததும் தட்டின் ஓரம் தூக்குகிறது

தட்டைப் பிடித்து வைக்க வேண்டிய பொருளே அதைத் தூக்குகிறது என்றால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். ஆனால் அடிக்கடி நடப்பது இது, கவனிப்பவர்தான் குறைவு. டார்ச்சைத் தட்டின் ஓர மட்டத்தில் வைத்து எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை ஓரத்தின் அடியில் எட்டு இடங்களில் நுழைத்துப் பாருங்கள். முதலில் கிளாம்ப் இல்லாமல், பிறகு கிளாம்ப்போடு. கிளாம்ப் வைத்த பிறகு காகிதம் எளிதாகப் போனால் கீழே உள்ள மூன்றில் ஒன்று காரணம்.

பெரும்பாலான எல்பி தட்டுகளில் நடுவிலுள்ள லேபிள் பகுதியும் வெளி ஓரமும் தடப் பகுதியைவிடச் சற்றுப் பருமனாக இருக்கும். ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினாலும் தடங்கள் உரசாமல் இருக்கவே அப்படிச் செய்தார்கள். அதனால்தான் பல மேட்களின் நடுவில், 100 மில்லிமீட்டர் லேபிளைவிடச் சற்று அகலமாக, ஒரு வட்டப் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் தேவைக்கு மேல் ஆழமாக இருந்தால் என்ன ஆகும்? கிளாம்ப் லேபிளைக் கீழே அழுத்தும், கீழே தாங்க ஒன்றும் இல்லாததால் நடு குழியும், ஓரம் கிண்ணம்போல் மேலே வளையும். லேபிளின் பருமன் அடங்கினால் போதும், பள்ளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஆழமே அதிகம். ஆழமான மேட்டை மாற்ற மனமில்லாவிட்டால், லேபிள் அளவுக்கு வெட்டிய மெல்லிய அட்டை வட்டம் ஒன்றைப் பள்ளத்தில் வைத்து, காகிதத் துண்டுச் சோதனையைத் திரும்பச் செய்து, ஓரம் படியும்வரை தடிமனைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

இரண்டாவது காரணம், மெத்து மெத்தென்ற மேட்டின் மேல் கனமான வெயிட் (தன் எடையாலேயே தட்டை அழுத்தும் கட்டி). மேட்டின் நடுப்பகுதி அமுங்க, அதே கிண்ண வளைவு வருகிறது. மென்மையான ரப்பர் மேட்டுக்கு இலேசான கிளாம்ப்பே சரி.

மூன்றாவது, பள்ளமே இல்லாத தட்டை மேட். இங்கே தட்டு லேபிளின் மேல் நிற்கிறது. ஓரத்தில் பருமன் இல்லாமல் வார்த்த தட்டாக இருந்தால் வெளிப்பகுதி மேட்டைத் தொடாமல் தொங்கும். கிளாம்ப்பை இறுக்குவதால் இதில் ஆவது ஒன்றுமில்லை. பள்ளமுள்ள மேட்தான் தீர்வு.

ஒலிபெருக்கியின் வூஃபர் (கீழ் ஸ்தாயிக் கூம்பு) உள்ளேயும் வெளியேயும் மெதுவாகப் போய்வருகிறது, தட்டு அலைபோல் ஏறி இறங்குகிறது

கோணிய தட்டுதான் இது. கிளாம்ப் வாங்குபவர்களில் பலர் இதற்காகவே வாங்குகிறார்கள். எல்லாக் கோணலுக்கும் கிளாம்ப் மருந்தாகாது என்பதால் முதலில் வகை தெரிய வேண்டும். தட்டையான கண்ணாடி ஒன்றின் மேல் தட்டை வைத்துப் பாருங்கள், பிறகு திருப்பி வைத்துப் பாருங்கள்.

நடு உயர்ந்து, ஓரம் முழுதும் கண்ணாடியைத் தொட்டால் அது குடை வடிவம். கிளாம்ப்போ வெயிட்டோ வைத்தால் நடு அமர்ந்துவிடும். மிக எளிதானது இதுவே.

திருப்பினால் அதே தட்டு கிண்ண வடிவம்: நடு தொடும், ஓரம் சுற்றிலும் உயர்ந்திருக்கும். இதன் மேல் எத்தனை கனமான வெயிட்டை வைத்தாலும் பயனில்லை, ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருக்கும் நடுவைத்தான் அது அழுத்துகிறது. இதற்கு, தட்டின் துளை வழியே நிற்கும் தண்டான ஸ்பிண்டிலை இறுகப் பிடிக்கும் திருகு கிளாம்ப் வேண்டும். அடிப்பக்கம் சற்றுக் குழிந்து, லேபிளின் வெளி வட்டத்தில் மட்டும் அழுத்துவதாக அது இருக்க வேண்டும். ஸ்பிண்டிலைச் சுற்றி, தட்டின் அடியில் ஒரு சிறிய, மெல்லிய வாஷரை வையுங்கள். வாஷர் நடுவைத் தூக்குகிறது, கிளாம்ப் லேபிளின் விளிம்பை அழுத்துகிறது, தட்டு குடைபோல் வளைய முயல்கிறது, ஓரம் மேட்டில் படிகிறது. விரலால் திருகும் இறுக்கமே போதும். ஓரம் படிந்ததும் நிறுத்திவிடுங்கள். குடைப் பக்கத்தைக் கேட்கத் திருப்பும்போது வாஷரை எடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நடு இறங்காது.

ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் தூக்கியிருந்தால் நடுக் கிளாம்ப் ஓரளவுதான் உதவும். ஓரம் முழுவதையும் அழுத்தும் வெளி வளையம்தான் அதை அடக்கும். ஆனால் அந்த வளையத்தின் உதடு தட்டின் தொடக்கப் பகுதியை ஒட்டி நிற்கும். ஊசியைச் சற்று வெளியே இறக்கிவிட்டால் அது வளையத்தின் மேல் விழுந்து ஒடியும். தானாக ஊசி இறக்கும் டர்ன்டேபிளில் வளையத்தைப் பயன்படுத்தவே கூடாது.

இந்த அசைவின் வேகமும் தெரிந்திருந்தால் நல்லது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகிறது. சுற்றுக்கு ஒரு முறை வரும் மேடு 0.55 ஹெர்ட்ஸ் அதிர்வு. காதில் விழாது, வூஃபரை மட்டும் ஆட்டும். ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்த இயல்பதிர்வு 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் இந்த மெதுவான மேடுகளை ஆர்ம் சமாளித்துவிடும். தட்டு கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தும் வூஃபர் ஆடினால் மேட்டை விட்டுவிட்டு ஆர்முக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் உள்ள அந்தப் பொருத்தத்தைச் சோதியுங்கள், அல்லது கார்ட்ரிட்ஜின் ஒலியைப் பெருக்கும் ஃபோனோ ஆம்ப்பில் சப்சானிக் ஃபில்டர் (காதுக்கு எட்டாத மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வடிகட்டுவது) இருந்தால் போட்டுவிடுங்கள்.

சுருதி மட்டும் சுற்றுக்கு ஒரு முறை ஏறி இறங்குகிறதா? நீண்டு ஒலிக்கும் பியானோ சுரங்களில் தெளிவாகக் கேட்கும். மேலிருந்து பார்த்தால் ஆர்ம் இடம் வலமாக ஆடும். துளை மையத்தில் விழாத தட்டு அது. எந்தக் கிளாம்ப்பும் அதைச் சரிசெய்யாது.

தட்டை எடுக்கும்போது மேட்டும் ஒட்டிக்கொண்டு வருகிறது, பட் பட் என்ற ஒலி கேட்கிறது

நிலைமின்சாரம். ஃபெல்ட் மேட்டும் வினைலும் உரசிப் பிரியும்போது மின்னூட்டம் சேர்கிறது. காற்று வறண்டிருக்கும் நாள்களில் அதிகம். மேட் தட்டோடு மேலே வந்து, பாதி வழியில் விடுபட்டு ஊசியின் மேல் விழுந்த கதைகள் உண்டு. ஆகவே தட்டை எடுப்பதற்கு முன் ஆர்மை அதன் இருக்கையில் வைத்துப் பூட்டுங்கள்.

கார்க், தோல் மேட்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஃபெல்ட்டே வேண்டும் என்றால், ஸ்பிண்டிலுக்கு அருகே இரண்டு மூன்று இடங்களில் சிறிய இருபக்க ஒட்டுநாடாத் துண்டுகளால் மேட்டைப் பிளாட்டரோடு பிடித்து வையுங்கள். கார்பன் இழைப் பிரஷை ஊசி இறக்குவதற்கு முன் ஒருமுறை ஓட்டுங்கள். பட் பட் ஒலி ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வந்தால் அது கீறலோ அழுக்கோதான். இடம் மாறி மாறி வருவதே நிலைமின்சாரம்.

பிரஷ் வைத்தால் தட்டு வழுக்குகிறது

லேபிளில் ஒரு சிறு காகிதத் துண்டையும், அதற்கு நேராகப் பிளாட்டர் விளிம்பில் இன்னொன்றையும் ஒட்டுங்கள். ஓடவிட்டு, பிரஷை வைத்து எடுத்து, நிறுத்திப் பாருங்கள். இரண்டும் நேர்க்கோட்டில் இல்லையென்றால் வழுக்கியிருக்கிறது. டிஜேக்கள் பயன்படுத்தும் ஸ்லிப்மேட் வழுக்குவதற்கென்றே செய்தது, வீட்டில் கேட்பதற்கு அதைப் போடாதீர்கள். இலேசான கிளாம்ப் ஒன்று இங்கே உண்மையிலேயே பயன் தரும்.

வெயிட் வைத்த பிறகு வேகம் குறைந்ததுபோல் தோன்றுகிறது

தோன்றுகிறதா, உண்மையா என்று எண்ணியே பார்க்கலாம். லேபிளில் ஒரு குறி வைத்து, ஊசி ஓடும்போதே 100 சுற்று எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் சரியாக 3 நிமிடம் ஆக வேண்டும். இரண்டு விநாடி கூடினால் வேகம் ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது, அது காதுக்குத் தெரியும். ஸ்ட்ரோப் அட்டை (விளக்கொளியில் கோடுகள் நின்றதுபோல் தெரிந்தால் வேகம் சரி என்று காட்டுவது) இருந்தால் இன்னும் எளிது: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 33⅓ வட்டத்தில் 180 கோடுகள், 60 ஹெர்ட்ஸுக்கு 216. பல எல்இடி விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து துடிப்பதில்லை, அந்த வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

வெயிட்டோடு குறைந்து, வெயிட் இல்லாமல் சரியாக இருந்தால் பிளாட்டரைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கலாம், பிளாட்டரின் அச்சைத் தாங்கும் பேரிங்கில் எண்ணெய் வற்றியிருக்கலாம். புறப்படும்போது மட்டும் தாமதமாகி, பிறகு வேகம் சரியாக நின்றால் கவலை வேண்டாம். நடுவில் வைக்கும் வெயிட் சுழற்சியின் உந்தத்தில் மிகக் கொஞ்சமே சேர்க்கிறது. அதே கிராம் வெளி ஓரத்தில் இருந்தால்தான் பெரிதாக மாறும். “வெயிட் வைத்தால் வேகம் நிலைக்கும்” என்பதை நான் ஏற்காததும் அதனால்தான்.

ஸ்பிரிங் மேல் தொங்கும் டர்ன்டேபிள் ஒரு பக்கம் தாழ்கிறது, அடியிலிருந்து கர்ரென்ற ஒலி வருகிறது

லின் எல்பி12, தோரன்ஸ் டிடி 160 போன்றவற்றில் பிளாட்டரும் ஆர்மும் ஸ்பிரிங்குகளின் மேல் மிதக்கின்றன. அந்த எடைக்கு என்றே ஸ்பிரிங்குகளைச் சரிசெய்து வைத்திருப்பார்கள். அதன் மேல் அரைக் கிலோ வெயிட்டை ஏற்றினால் எல்லாம் கீழே இறங்கும், பெல்ட் மோட்டாரின் புல்லியில் இடம் மாறி ஓடும். இவற்றுக்கு வெயிட் வேண்டாம். ஸ்பிண்டிலைப் பிடிக்கும் இலேசான கிளாம்ப் மட்டும். தடித்த கனமான மேட் போட்டாலும் இதே சிக்கல் வரும், எடையைப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்பிரிங் இல்லாதவற்றிலும் வெயிட்டின் பாரம் முழுவதும் பேரிங்கின் நுனியில்தான் இறங்குகிறது. வெயிட்டோடு மட்டும் கர்ரென்ற ஒலி கேட்டால் அதை எடுத்துவிட்டு, பேரிங்கைத் துடைத்துப் புது எண்ணெய் விடுங்கள். அப்புறமும் கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது. தயாரிப்பாளர் கையேட்டில் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள்.

தட்டு முடியும் இடத்தில் ‘டக்’ என்று இடிக்கிறது

கார்ட்ரிட்ஜின் உள்பக்கம் வெயிட்டில் மோதுகிறது. கடைசித் தடம் மையத்திலிருந்து சுமார் 53 மில்லிமீட்டரில் இருக்கும், கார்ட்ரிட்ஜின் பாதி அகலமும் அதைப் பொருத்தியிருக்கும் ஹெட்ஷெல்லும் ஒரு 9 அல்லது 10 மில்லிமீட்டர் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். 80 மில்லிமீட்டர் விட்டத்துக்குள் உள்ள வெயிட் பாதுகாப்பானது. வாங்கியாயிற்று, பெரியது என்றால், பிளாட்டரை நிறுத்தி வைத்து, ஆர்மை லிஃப்டில் தூக்கியபடி கடைசித் தடம்வரை கொண்டுபோய்ப் பாருங்கள்.

சில கார்ட்ரிட்ஜ்களில் மட்டும் அழுத்தம் கூடுகிறது, மேட்டை மெலிதாக்கியதும் இன்னும் கூடுகிறது

பிளாட்டர் இரும்பா என்று ஒரு சிறு காந்தத்தால் பாருங்கள். மூவிங் காயில் (ஊசியோடு கம்பிச்சுருள் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ்களின் வலுவான காந்தம் இரும்புப் பிளாட்டரை நோக்கி இழுபடும். தோரன்ஸ் டிடி 124-இன் வார்ப்பிரும்புப் பிளாட்டர் இதற்குப் பெயர்போனது. தராசு ஒரு எண் காட்டும், தட்டின் மேல் உண்மையான அழுத்தம் அதைவிட அதிகமாக இருக்கும். தடித்த மேட் போட்டு, ஆர்மையும் உயர்த்தினால் இழுப்பு வேகமாகக் குறையும். அழுத்தத்தை அளக்கும்போது தராசைப் பிளாட்டரின் மேல், இசைத்தட்டின் உயரத்திலேயே வையுங்கள். காந்தத்தில் ஒட்டாத தராசாகவும் அது இருக்க வேண்டும்.

தட்டில் புள்ளி புள்ளியாகக் கறை

பழைய ரப்பர் மேட்டின் புடைப்புகள் எங்கெங்கே தொட்டனவோ அங்கங்கே. ரப்பரை மென்மையாக்கச் சேர்த்த பொருள்கள் காலப்போக்கில் வெளியே கசிந்து வினைலில் படிகின்றன. கையால் தொட்டால் பிசுபிசுக்கும் மேட்டைத் துடைத்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். எந்த மேட்டானாலும் கேட்டு முடித்ததும் தட்டை உறைக்குள் வைத்துவிடுங்கள், கிளாம்ப்பின் இறுக்கத்தில் இரவெல்லாம் விட்டுவைக்காதீர்கள்.